தண்ணீர் விட்டவன் யார்?

தையற்காரிக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. அவள் போய், நட்ட மூன்றாம் வருஷம்தான் குருத்தைப் பறித்துத் தின்னலாம் என்கிற ஆஸ்பராகஸை வீட்டுக்குப் பின்னால் நட்டாள் என்றால் யார் நம்புவார்கள்? நட்டாளே! முக்கால் அடிப் பள்ளம் வெட்டி, நடுவில் மண்ணை மேடாக்கி, பதினாறு வேர்க்கட்டைகளையும் சிலந்தி உட்கார்ந்தாற்போல் கால் பரப்பி வைத்து மூடினாள். முதல் வருஷம் நூல்நூலாகக் குருத்து வந்தது, தொடவில்லை. இரண்டாம் வருஷம் பென்சில் கனத்துக்கு வந்தது. கை பரபரத்தது, தொடவில்லை. விரிந்து, பழுத்து, காய்ந்த பிறகுதான் தரையோடு வெட்டினாள்.

“தமிழ்ல தண்ணீர்விட்டான்னு ஒரு கிழங்கு இருக்கே, அந்த ஜாதிதாம்மா இது” என்று நர்சரிக்காரர் சொல்லியிருந்தார். பெயர் அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அதை ஒரு பலகையில் பெயிண்டால் எழுதிப் பாத்தியில் நட்டாள். பலகை குறுகல், அதனால் மேலே ‘தண்ணீர்’, கீழே ‘விட்டான்’.

மூன்றாம் வருஷம் குருத்துக்கு முன்னால் வந்தது கணவனின் மாற்றல் உத்தரவு. அவன் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் ஆறு வீடு.

“இந்த வீட்டை விட்டு நான் வரமாட்டேன்” என்று அவள் கண்ணைக் கசக்கினாள்.

“மாசக் கடைசித் திங்கட்கிழமை பதில் சொல்லணும். அதுக்குள்ள உன் செடி ஒண்ணாவது தலையை நீட்டட்டும், மாட்டேன்னு சொல்லிடறேன். போதுமா?”

இந்த நேரம் பார்த்து உறவில் ஒரு கல்யாணம். பத்து நாள் போயே ஆகவேண்டும். வீட்டையும் தோட்டத்தையும் கொழுந்தனிடம் ஒப்படைத்து, தண்ணீர் விட மறக்காதே என்று ஏழு தடவை சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை திரும்பி வந்தால் தக்காளி தளதளவென்று நிற்கிறது, ஆஸ்பராகஸ் பாத்தி மட்டும் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது!

“அண்ணி, சத்தியமா எல்லாத்துக்கும் தண்ணி விட்டேன். இதுல மட்டும் ‘தண்ணீர் விட்டான்’னு போர்டே வெச்சிருக்கே! எவனோ விட்டுட்டுப் போயிட்டான்னு நினைச்சேன்.”

“தினமுமாப்பா?”

“தினமும் அதே போர்டுதானே அண்ணி! பரவாயில்லையே, பொறுப்பான ஆளா இருக்கானேன்னு மெச்சிக்கிட்டேன்.”

“மண்ணு காஞ்சு கிடக்கே, கண்ணு தெரியலையா?”

“அவன் வேலையில நான் எதுக்குத் தலையிடணும்னுதான்…”

கணவன் பெட்டிமேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவளுக்கு இரண்டு பேரையும் அதே பாத்தியில் நட்டுவிடலாம் போல ஆத்திரம் வந்தது. குழாயைத் திறந்து மண் குளிரக் குளிர விட்டாள். சனிக்கிழமை ஒன்றுமில்லை. அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிறு காலை, ஊதா நிறத்தில் ஒரு மூக்கு!

அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் பாதிச் சவரத்தோடு வெளியே ஓடிவந்தார். அவள் கழுத்திலிருந்த டேப்பை எடுத்து அளந்தாள். காலையில் ஒன்றரை அங்குலம், மதியம் மூன்று, சாயங்காலம் நாலேகால். ஒவ்வொரு அளவையும் கொழுந்தனிடம் கத்திச் சொன்னாள். அவன் ஒவ்வொன்றுக்கும் விசில் அடித்தான். திங்கட்கிழமை விடிந்தபோது ஆறு நின்றன. மூத்தது ஒரு சாண், கட்டைவிரல் கனம். அவள் மண்டியிட்டு அதை மளுக்கென்று ஒடித்தாள். சமைப்பதாவது, மண்ணாவது! பச்சையாகவே கடித்தாள். பச்சைப் பட்டாணியின் இனிப்பு. பாதியைக் கணவன் வாயில் திணித்தாள்.

அப்போதுதான் மேனேஜரின் போன் வந்தது.

“புது ஊருக்குப் போக முடியாது சார். இங்க தோட்டத்துல கொஞ்சம் வேலை இருக்கு.”

“தோட்டத்துலயா? எத்தனை நாள்யா ஆகும்?”

கணவன் போனைப் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தான். “இது எத்தனை நாளைக்கு வரும்?”

வாய் நிறைய மென்றுகொண்டே அவள் நர்சரிக்காரர் சொன்ன கணக்கைச் சொன்னாள்.

அவன் கையை எடுத்தான். “இருபது வருஷம் சார்.”