நெட்வொர்க் வேண்டுமா?

அந்தக் கம்ப்யூட்டருக்கு இருபத்து நான்கு வயது. கம்ப்யூட்டர் கணக்கில் அது கொள்ளுத்தாத்தா வயது. மரப்பலகையில் பூவேலை வெட்டும் மெஷினை ஆட்டிவைக்கிற வேலை அதற்கு. புதிதாக ஒன்றை மாட்டித் தொலைக்கலாமே என்றால், மெஷினிலிருந்து வரும் தடித்த கேபிளைச் செருக இந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்களில் இடமே கிடையாது.

மெஷின் இருக்கும் மரப்பட்டறை அண்ணனுடையது. அவரைப் பெரியவர் என்பார்கள், தம்பியைச் சின்னவர். ஐம்பத்தைந்து வயதாகியும் சின்னவர் சின்னவர்தான். ஒன்பது வருடத்துக்கு முன்னால், வேலையாட்கள் அத்தனை பேர் எதிரிலும், "இந்த ஓட்டை மெஷினோட நீங்களே மாரடிங்க" என்று கத்திவிட்டு வெளியேறியவர். அதன்பிறகு அண்ணன் பேசவில்லை, தம்பியும் இறங்கிவரவில்லை. ஆனால் மாரடிப்பது என்னவோ இன்றுவரை சின்னவர்தான். கோளாறு என்றால் பட்டறை மேஸ்திரி போன் போடுவார். சின்னவர் வேறு ஊரில் தன் மாடியறையில் உட்கார்ந்தபடியே நெட்வொர்க் வழியாக உள்ளே நுழைந்து சரிசெய்வார். பெரியவருக்கு இது தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வார்.

கோளாறு இல்லாத நாட்களிலும் சின்னவர் நுழைவார் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. மெஷின் எத்தனை மணிக்கு ஓடியது, எத்தனை மணிக்கு நின்றது என்று கம்ப்யூட்டர் தானே ஒரு பதிவு எழுதிவைக்கும். தினமும் காலையில் அதைத்தான் படிப்பார். ஏழு பத்துக்கு ஓடியிருந்தால் அண்ணன் சுகம். எட்டரை என்றால் முழங்கால் வலியாக இருக்கும். ஒருமுறை நான்கு நாள் ஒரு வரிகூட இல்லை. மேஸ்திரிக்குப் போன் போட்டார். "பெரியவர் பொண்ணுக்குக் கல்யாணம் சின்னவரே. உங்களுக்குச் சொல்லலையா?" என்றார் மேஸ்திரி. சொல்லவில்லை. அண்ணி முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார், மகளும் புகுந்த வீடு போனாள், அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமையிலும் மெஷின் ஓடுகிறது. பட்டறைக்கு விடுமுறை நாள் அது. ஓட்டுவது யாரென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வாரம் மேஸ்திரி போன் செய்தபோது குரலே சரியில்லை. "வெட்டிக்கிட்டே இருக்கறப்ப திடீர்னு துள்ளுது. நேத்து வெட்டுற இரும்புப் பிட்டு ஒடைஞ்சு பறந்துச்சு. பெரியவர் காதோரமாப் போய் சுவத்துல குத்தி நிக்குது."

சின்னவர் உடனே உள்ளே நுழைந்து பார்த்தார். இரண்டு நாள் மல்லுக்கட்டிக் காரணத்தைக் கண்டுபிடித்தார். போன மாதம் பழைய நெட்வொர்க் அட்டை செத்துப்போய் வேறொன்று போட்டிருந்தார்கள். அதுவும் வெட்டும் மெஷினின் கேபிளும் உள்ளே ஒரே வாசலுக்கு முட்டிக்கொண்டன. அட்டை குறுக்கே பேசும்போதெல்லாம் மெஷினுக்குப் போகும் கட்டளை ஒரு நொடித்துணுக்கு தாமதிக்கிறது. அந்தத் துணுக்குதான் துள்ளல்.

இந்தப் பழசுக்குப் பொருந்துகிற அட்டை வேறு கிடைக்காது; வழி ஒன்றுதான். கெர்னலைப் புதிதாகக் கட்டவேண்டும். கம்ப்யூட்டரின் உறுப்புகளையெல்லாம் மேய்க்கிற அடிப்படை மென்பொருள் அது. எது வேண்டும், எது வேண்டாம் என்று அது வரிசையாகக் கேள்வி கேட்கும். பதில் சொன்னால் அதற்கேற்ற கெர்னல் தயாராகும்.

சனிக்கிழமை காலை உட்கார்ந்தார். ஒலி வேண்டுமா? இல்லை. கேமரா? இல்லை. பிரிண்டர்? இல்லை. இந்த அறையில் அவரை இத்தனை கேள்வி கேட்கிறவர் வேறு யாருமில்லை; ஆகவே ஒன்றையும் தாண்டாமல் பொறுமையாகப் பதில் சொன்னார். பிறகு அது வந்தது. நெட்வொர்க் வேண்டுமா?

பதில் மூன்று உண்டு. வேண்டும் என்றால் துள்ளல் தொடரும்; வேண்டாம் என்றால் துள்ளலோடு அவர் உள்ளே நுழையும் வழியும் போய்விடும்; மூன்றாவது, தனியாக வைத்துக்கொள்ளலாம். தனியாக வைத்தால் தேவையானபோது மட்டும் தானாக எழுந்து, வேலை முடிந்ததும் படுத்துக்கொள்ளும்படி நேரம் குறித்துவிடலாம். மெஷின் ஓடாத நேரமாகப் பார்த்து, வாரத்துக்குப் பத்தே நிமிடம். பத்து நிமிடம் போதும் அவருக்கு. எந்த நேரம் வைக்கலாம் என்று பழைய பதிவுகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். ஞாயிறு காலை ஓடியிருக்கிறது. ஞாயிறு மாலை ஓடியிருக்கிறது. போன வாரம் விடியுமுன்பே ஓடியிருக்கிறது. வீட்டில் இருப்புக்கொள்ளாத மனிதர் எந்த நேரம் எழுந்துவந்து பலகையை ஏற்றுவாரென்று யாருக்குத் தெரியும்? அப்போது பக்கத்தில் தூக்கிவிட ஆளும் இருக்காது.

வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அழுகை வந்தது; கொஞ்சம் அழவும் செய்தார். பிறகு 'வேண்டாம்' என்று அடித்தார்.

முக்கால் மணி நேரத்தில் கெர்னல் தயார். பட்டறையின் சாப்பாட்டு நேரத்தில் கடைசி முறையாக உள்ளே போய் அதை இறக்கிவைத்து, கம்ப்யூட்டரை மறுபடி கிளப்பச் சொன்னார். திரையில் இணைப்பு அறுந்தது. அந்தப் பக்கம் என்ன ஆயிற்று என்று பார்க்க இனி வழியில்லை. தப்பென்றால் மேஸ்திரி போன் செய்வார்.

போன் வரவில்லை. திங்கள், செவ்வாய் வரவில்லை. வேலை சுத்தம் என்று முதலில் பெருமையாகக்கூட இருந்தது. புதன்கிழமை, சின்னதாக ஏதாவது கெட்டுப்போகக் கூடாதா என்று நினைத்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். வியாழக்கிழமை அவரே பட்டறை எண்ணுக்கு அடித்தார். எடுத்தது மேஸ்திரி இல்லை.

"யாரு?"

"நான்தாண்ணே."

பின்னால் மெஷின் சத்தம் கேட்டது. துள்ளல் இல்லாமல் சீராக ஓடியது.

"மெஷின் நல்லாத்தான் ஓடுது," என்றார் பெரியவர். "எதுக்குக் கூப்பிட்ட?"

 சின்னவர் வாய்க்கு வந்ததைச் சொன்னார். "ஞாயித்துக்கிழமை தனியா ஓட்டாதீங்கண்ணே."

"நான் ஞாயித்துக்கிழமை ஓட்டுறது உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. கம்ப்யூட்டர்ல எழுதியிருக்கும். தெனமும் பாப்பேன்."

"எத்தனை நாளா?"

"நான் பட்டறைய விட்டுப் போனதுலேர்ந்து."

 மெஷின் ஒரு பலகையை முடித்துவிட்டு நின்றது.

"இன்னைக்கு எத்தனை மணிக்குப் போட்டேன், சொல்லு பாப்போம்."

"தெரியலண்ணே," என்றார் சின்னவர். "அதைப் பாக்குற வழியத்தான் எடுத்துட்டேன்."