மங்கியது கேலக்ஸிதானா?

நிஷா தன் தப்பைக் கண்டுபிடித்தபோது புதன்கிழமை காலை ஏழரை. காலேஜுக்குக் கிளம்ப அரை மணி நேரம்தான் இருந்தது. விண்வெளியில் சுற்றும் எக்ஸ்ரே தொலைநோக்கி அவள் கேட்ட கேலக்ஸிப் பக்கம் திரும்ப இன்னும் பத்து மணி நேரம்.

ஆம்பூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் பிசிக்ஸ் நடத்திக்கொண்டே பிஎச்.டி. செய்கிறவள் அவள். சில கேலக்ஸிகளின் நடுவில் இருக்கும் பெரிய கருந்துளை, சுற்றியுள்ள வாயுவை இழுத்து விழுங்கும்போது அந்த இடம் எக்ஸ்ரேயில் ஜொலிக்கும். திடீரென்று சில மாதங்களிலேயே அந்த ஜொலிப்பு அடங்கியும் போகும். நாலு வருஷமாக அவள் கவனித்துவந்த ஒரு கேலக்ஸி போன மாதம் இருபது மடங்கு மங்கியிருந்தது. சின்னத் தொலைநோக்கி ஒன்றின் இரண்டு பதிவுகளில் அதைப் பார்த்துவிட்டுத்தான், பெரியதில் அவசர நேரம் கேட்டாள். பதினோரு மணி நேரம் கொடுத்துவிட்டார்கள். அதற்காக இன்னொரு குழுவின் வேலையைத் தள்ளியும் வைத்துவிட்டார்கள்.

இப்போது பார்த்தால், முதல் பதிவில் கேலக்ஸி விழுந்த இடத்தில், எக்ஸ்ரேயைப் பிடிக்கும் டிடெக்டரின் ஒரு பகுதி வேலை செய்யவில்லை. பிக்சல்கள் ஒரு கோடாகச் செத்துக் கிடந்தன. அதற்கான திருத்தத்தை அவள் போடவே இல்லை. கேலக்ஸி மங்கலாகத் தெரிந்தது அதனால்கூட இருக்கலாம். இரண்டாவது பதிவில் அந்தத் தொந்தரவு இல்லை. ஆனால் வந்து விழுந்த ஒளித்துகள்கள், மொத்தமே ஒன்பது ஃபோட்டான். ஒன்பதை வைத்துக்கொண்டு என்னத்தைச் சொல்வது?

வேலூரில் இருக்கும் கைடு சம்பத்துக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"ரெண்டாவது பதிவு சரியாத்தானே இருக்கு?" என்றார்.

"ஒம்பதே ஃபோட்டான் சார்."

"அப்ப பேசாம இரு. அவங்க பார்க்கட்டும். இப்ப சொன்னா மொத்தமா ரத்து பண்ணிடுவாங்க. அடுத்த வாட்டி நம்ம பேரைப் பார்த்தாலே ஓரம் கட்டிடுவாங்க."

"அந்த இன்னொரு குழு, சார்?"

"அவங்களுக்கு வேற நாள் கிடைக்கும்மா."

கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும். அவர்கள் பார்க்கவிருந்தது, வெடித்துவிட்டு நாளுக்கு நாள் மங்கிக்கொண்டிருக்கும் ஒரு நட்சத்திரம்.

பஸ்ஸில், ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்களுக்கு நடுவே நசுங்கி நின்றபடி, தொலைநோக்கியை நடத்துகிறவர்களுக்குத் தன் தப்பைச் சொல்லி மெயில் எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். காலேஜ் வாசலில் இறங்கியதும் அனுப்பினாள்.

அன்று அவளுக்கு மாடல் எக்ஸாம் டியூட்டி. ஹாலுக்குள் போன் கூடாது. கணக்கு டிபார்ட்மென்ட் அஃப்ஷாவிடம் போனைக் கொடுத்து, மெயில் வந்தால் ஓடி வரச் சொன்னாள். ஹாலில் ஒரு பெண் அடிஷனல் ஷீட் கேட்டு மூன்று தடவை எழுந்து நின்றதும் அவளுக்கு உறைக்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினோரு மணிக்கு அஃப்ஷா மூச்சு வாங்க வந்தாள். "வந்துடுச்சு. முக்கால் மணி நேரத்துல பதில் சொல்லணுமாம்."

"இன்னா கேக்கறாங்க?"

"ரத்து பண்ணிடவா, இல்ல கம்மி நேரம் போதுமான்னு. நீ போ, ஹாலை நான் பார்த்துக்கறேன்."

ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து வேகவேகமாகக் கணக்குப் போட்டாள். இரண்டு மணி நேரம் போதும், கேலக்ஸி மங்கியது நிஜமா என்று தெரிந்துவிடும். ஏன் மங்கியது என்பது தெரியாது. வாயு மேகம் ஏதாவது குறுக்கே வந்து மறைக்கிறதா, கருந்துளைக்குத் தீனியே குறைந்துவிட்டதா என்று சொல்ல அந்தப் பதினோரு மணி நேரமும் வேண்டும். இரண்டு கேட்டாள். மிச்சத்தை நட்சத்திரக்காரர்களுக்கே கொடுத்துவிடச் சொன்னாள்.

சம்பத்துக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவர் "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அந்தச் "சரி" இரண்டு நாள் அவளைச் சாப்பிட விடவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பெரிய தொலைநோக்கி எடுத்த இரண்டு மணி நேரப் பதிவு வந்தது. முதலில் செத்த பிக்சல்கள் எங்கே என்று பார்த்தாள். பக்கத்தில் எதுவும் இல்லை. பிறகுதான் எண்ணினாள். கேலக்ஸி மங்கியது நிஜம்தான், ஆனால் ஆறு மடங்கு. இருபது இல்லை.

"ஆறா?" என்றார் சம்பத். "நல்லாப் பார்த்தியா?"

"மூணு தடவை பார்த்துட்டேன் சார்."

"அப்ப அந்த முதல் பதிவு கதையையும் பேப்பர்ல எழுதிடு. நான் என்னத்தை மறைக்கிறது, நீதான் ஊரெல்லாம் சொல்லிட்டியே." குரலில் கோபம் பாதிதான் இருந்தது.

எழுதினாள். ஏன் மங்கியது என்ற கேள்விக்கு மட்டும், தெரியவில்லை என்று ஒரு வரி. பெரிய தொலைநோக்கிக்கு மறுபடி விண்ணப்பம் போட்டிருக்கிறாள். முடிவு வர நாலு மாதம் ஆகும். அதற்குள் கேலக்ஸி திரும்பப் பிரகாசமாகிவிட்டால் போச்சு. சின்னத் தொலைநோக்கியின் புதுப் பதிவு திங்கட்கிழமை தோறும் வருகிறது. அதைத் திறந்ததும் முதலில் செத்த பிக்சல்கள் எங்கே என்று பார்க்கிறாள், பிறகுதான் எண்ணுகிறாள்.