காலி நாற்காலிக்கு வந்தவள்

தேவாலயக் கூடத்தின் நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள் சிஸ்டர் ஃபெலி. சுற்றிலும் ஒன்பது பெண்கள். நவோதாஸ் நகரின் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த சந்துகளில், போதை மருந்துக்காரர்கள் என்று அரசாங்கம் எடுக்கும் பட்டியலில் ஒருவன் பெயர் ஏறினால் போதும். தலைக்கவசம் மாட்டிய ஆட்கள் மோட்டார் சைக்கிளில் வந்துவிடுவார்கள். அப்படிப் புருஷனையோ பிள்ளையையோ பறிகொடுத்தவர்கள் அவர்கள்.

"உங்க மனச அறுக்குற ஆள இதுல உக்கார வையுங்க. மூச்ச நல்லா இழுத்து விடுங்க. அப்புறம் மூஞ்சிக்கு நேரா பேசுங்க. திட்டணும்னா திட்டுங்க, இந்தத் தலகாணியால அடிக்கவும் செய்யலாம். டெலியாக்கா, மொதல்ல நீங்க."

மீன் அறுக்கும் டெலியா ஐந்து வாரமாக அங்கே வாயே திறந்ததில்லை. தலையணையை வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

"சுட்டவனுங்க மூஞ்சியே தெரியாது சிஸ்டர். ஹெல்மெட்டையா உக்கார வைக்கிறது?"

யாரோ சிரித்தார்கள்.

"சரி, கண்ண மூடுங்க. என்ன தெரியுதோ அத சொல்லுங்க."

கண்ணை மூடினாள். பட்டப்பகல். பத்தொன்பது வயது மகன் ரெனான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். கதவை உதைத்துத் திறந்தார்கள். "நான் இல்லண்ணே" என்று மண்டியிட்டான். முதல் குண்டு தாடையைப் பெயர்த்தது. பற்கள் சோற்றுத் தட்டில் தெறித்தன. இரண்டாவது நெஞ்சில். பிளந்த தாடையை இரண்டு கைகளாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்தே இருந்தாள், உடம்பு சில்லிடும்வரை.

கண்ணைத் திறந்தாள். "உக்கார வைக்க ஆளு இருக்கு. நெனிதா, வாடி!"

அடுத்த சந்து நெனிதாவும் அந்த ஒன்பது பேரில் ஒருத்தி. ரெனான் செத்த மூன்றாம் வாரம் அவள் புருஷனையும் சுட்டிருந்தார்கள்.

"பட்டியல் எடுக்க வந்தவன்கிட்ட எம்புள்ள பேர நீ எழுதிக் குடுத்தத ஒருத்தி பாத்திருக்கா. நேத்துதான் எங்கிட்ட சொன்னா."

நெனிதா மெதுவாக நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

டெலியா தலையணையை வீசிவிட்டு அவள் மயிரைப் பிடித்தாள். நாற்காலிக் கால் முறிந்து இருவரும் தரையில் உருண்டார்கள். முகத்தில் குத்தினாள், உதடு கிழியும்வரை குத்தினாள். விலக்க வந்தவளுக்கு முழங்கையால் ஓர் இடி. நெனிதா கையைத் தூக்கக்கூட இல்லை.

"அஞ்சு பேரு சொன்னா எம்புருஷன் பேர எடுத்துருவோம்னாங்க," என்றாள் வாயெல்லாம் ரத்தமாக. "எனக்கு நாலுதான் வந்துச்சு. அஞ்சாவதுக்கு யாரையும் தெரியலக்கா."

"எம்புள்ள எத்தனாவது?"

"மூணாவது."

டெலியாவின் விரல்கள் அவள் கழுத்தை நெரித்தன. நான்கு பேர் சேர்ந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தார்கள். சிஸ்டர் ஃபெலி சொல்ல வேண்டியதெல்லாம் மறந்து அழுதுகொண்டு நின்றாள்.

நெனிதாவுக்கு ஏழு தையல். அடுத்த சனிக்கிழமை இருவரும் வந்தார்கள். ஆளுக்கொரு நாள் வரச் சொல்லலாமா என்று சிஸ்டர் கேட்டாள்.

"வேணாம்," என்றாள் டெலியா. "மிச்சம் மூணு பேரு யாருன்னு இவ வாயால சொல்லட்டும். பெத்தவங்க இங்கயே இருந்தாலும் இருப்பாங்க."

வீங்கிய உதட்டோடு நெனிதா முதல் பெயரைச் சொன்னாள். சன்னலோரம் இருந்த பெண் அலறிக்கொண்டு பாய்ந்தாள். சிஸ்டர் ஓடிப்போய்க் குறுக்கே விழுந்தாள். டெலியா இடத்தைவிட்டு அசையவில்லை.