கட்டை திரும்பும் நேரம்

மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஏரிமேல் பனி கவிழ்ந்து கிடந்தது. அக்கரையில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் இடுப்புக்கு மேலேதான் தெரிந்தன. பாய்மரப் படகு கிளப்பின் கரையில் மற்ற ஜோடிகளெல்லாம் பந்தயத்துக்குப் பாய் கட்டிக்கொண்டிருக்க, நல்லசாமி மட்டும் தன் படகுப் பக்கத்தில் ஒற்றையாக நின்றார். இருவர் ஏறினால்தான் அந்தக் கிளப் படகு நகரும். ஒருவர் பின்னால் உட்கார்ந்து சுக்கான் பிடிக்க வேண்டும், மற்றவர் முன்பாயைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்றைக்கும் ஆள் கிடைக்காவிட்டால் தை பிறந்ததும் படகை வேறு ஜோடிக்குக் கொடுத்துவிடுவோம் என்று கிளப் செயலாளர் குஞ்சிதபாதம் போன வாரமே சொல்லிவிட்டார்.

ஆள் ஏன் கிடைக்கவில்லை என்பது டவுன்ஷிப்புக்கே தெரிந்த கதை. எல்லாம் நல்லசாமியின் வாய்தான். அப்பப்பா, அது என்ன வாய்! சுரங்கத்து இயந்திர இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய வாய். கரையில் மனுஷன் தங்கம். படகில் கால் வைத்தால் போதும், சாமி வந்துவிடும். "ஏளா, தலையைக் குனி! எருமை மாதிரி உக்காந்திருக்கே!" என்று மனைவி இசக்கியம்மாளை அவர் திட்டுவது கரையில் டீ குடிப்பவர்கள் காதில் கணீரென்று விழும். எல்லாரும் சிரிப்பார்கள். அந்த வாய்க்கு முன்னால் வருஷக்கணக்காக உட்கார்ந்தவள் இசக்கியம்மாள் ஒருத்திதான். போன ஆடியில் அவளும் போய்ச் சேர்ந்தாள்.

கரையில் நின்ற கிளப் இளைஞன் ஜெயகணேஷிடம் நல்லசாமி போய்க் கேட்டார்.

"மணிக்கட்டு சுளுக்கு சார். அடுத்த வாரம் பாப்போம்."

அதே மணிக்கட்டால் அவன் அடுத்த நிமிஷமே ஒரு பாய்மரத்தைத் தூக்கி நிறுத்தினான். நல்லசாமி பார்க்காதது மாதிரி திரும்பிக்கொண்டார்.

அப்போதுதான் அகிலா வந்தாள். திருவதிகைப் பக்கத்துப் பெண். சுரங்கத்தில் இன்ஜினியர், மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. பயிற்சிப் படகில் ஓட்டிப் பழகியிருந்தாள். நல்லசாமியின் வாயைப் பற்றி யாரும் அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

"நான் வரட்டுங்களா சார்?"

நல்லசாமி வேகமாகத் தலையாட்டினார். ஆள் கிடைத்துவிட்டது. இந்தப் பெண்ணும் ஓடிவிட்டால் அப்புறம் படகும் இல்லை, ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. குவார்ட்டர்ஸில் டிவியைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார வேண்டியதுதான். என்ன ஆனாலும் சரி, கரை திரும்பும் வரை வாயைத் திறப்பதில்லை என்று முடிவு கட்டினார்.

விசில் ஊதியது. நல்ல வாடைக்காற்று. பெண் கெட்டிக்காரி, சொல்லாமலே கயிற்றை இழுத்தாள், விட்டாள். ஒருமுறை கயிறு தளர்ந்தபோது வசவு அவர் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. மென்று விழுங்கினார். திருப்பத்தைக் காட்டும் முதல் மிதவையை அவர்கள் படகுதான் முதலில் சுற்றியது.

இரண்டாவது மிதவையில் காற்று முதுகுப் பக்கம் மாறும். படகைத் திருப்பும்போது பாயின் அடியிலுள்ள நீளக் கட்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு விசுக்கென்று வீசும். சுக்கான் பிடிப்பவர் முன்கூட்டியே குரல் கொடுத்தே ஆக வேண்டும். அகிலா அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முன்பாயில் சிக்கிய கயிற்றை எடுத்துக்கொண்டிருந்தாள். நல்லசாமி வாயைத் திறந்தார். கரையின் பழைய சிரிப்பு காதில் கேட்டது. கத்தினால் போய்விடுவாளே! அவளே பார்த்துக் குனிந்துகொள்வாள் என்று வாயை மூடிக்கொண்டார்.

கட்டை அவள் நெற்றிப்பொட்டில் அடித்தது. படகு சாய்ந்து இருவரும் தண்ணீரில் விழுந்தார்கள்.

மிதவைச் சட்டை இருந்ததால் தப்பித்தார்கள். கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு அகிலா நடுங்கினாள். நெற்றி புடைத்துவிட்டது.

"ஏன் சார் சொல்லல?"

"சத்தம் போட்டா அடுத்த வாரம் வரமாட்டியோன்னு பயந்துட்டேம்மா."

"குனின்னு ஒரு வார்த்த சார். அதுக்கு எதுக்குங்க சத்தம்? நீங்க பேசாம உக்காந்துகினு இருந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

மீட்புப் படகு வந்து இருவரையும் கரை சேர்த்தது. துண்டைப் போர்த்திக்கொண்டு, நெற்றியில் ஐஸ் வைத்தபடி அகிலா டீ குடித்தாள். குஞ்சிதபாதம் மெதுவாகக் கேட்டார்.

"அடுத்த வாரமும் சார்கூட ஏறுறியாம்மா?"

"இல்லைங்க." அவள் குரலில் கோபம் இல்லை. "திட்டியிருந்தாக்கூட வந்திருப்பேன். இது பயமா இருக்குங்க."

கம்பெனி பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள். மற்றவர்களும் கலைந்தார்கள். நிமிர்த்திக் கட்டியிருந்த படகில் நல்லசாமி மட்டும் ஈரத்தோடு ஏறி, பின்னால் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

பந்தயம் முடிந்து ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போகும்போது இசக்கி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. குளிர் என்றுதான் அவர் நினைத்திருந்தார். குளிராவது மண்ணாவது! இத்தனை பேர் சிரிக்க எருமை என்று கேட்டுவிட்டு வருகிறவள் என்ன பேசுவாள்? வலித்திருக்கும். வாரா வாரம் வலித்திருக்கும். அதையும் பொறுத்துக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறாள். அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

முன்னாலிருந்த காலி இடத்தைப் பார்த்தார். கரையில் கேட்க யாரும் இல்லை. இருந்தாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இசக்கி, கட்டை வருது. கொஞ்சம் குனிஞ்சுக்கோம்மா."