உட்சுகிக்கு ஒரு பாட்டு

நாகிஹாமா நீர்நாய்கள் பேஸ்பால் அணியின் ரசிகர் படையில் ட்ரம்பெட் ஊதுகிறவன் நான். பிழைப்புக்குச் சலவைக் கடை. இரண்டிலும் மூச்சு வாங்கும், பெயர் வாங்க முடியாது.

எங்கள் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் கேலரியில் தனிப் பாட்டு உண்டு. உட்சுகிக்கு மட்டும் இல்லை. பதினோரு வருடமாக மாற்று ஆட்டக்காரராகவே பெஞ்சைச் சூடாக வைத்திருப்பவர். அவர் மட்டையோடு வந்தால் பொதுப் பாட்டுதான். விண்ணப்பப் படிவம் மாதிரி, நடுவில் பெயரைச் செருகிக்கொள்ள வேண்டும்.

மூன்று வருடம் முன்பே அவருக்கு ஒரு பாட்டு எழுதி, படைத் தலைவி அன்ஸாய் அக்காவிடம் நீட்டினேன். அவர் மருந்துக் கடைக்காரர். கண்ணாடியை ஏற்றிப் படித்தார்.

"நூறு ஹிட் அடிச்சவனுக்குத்தான் பாட்டு. இவன் அறுபத்தொண்ணு. சட்டம்னா சட்டம்டா."

"ஆல்-ஸ்டார்ல ஆடினா?" என்றேன். எல்லா அணிகளிலிருந்தும் சிறந்தவர்களைப் பொறுக்கி நடத்தும் ஆட்டம் அது.

"இவனா?" சிரித்ததில் அக்காவுக்கு இருமலே வந்துவிட்டது. "ஆடட்டும். அன்னைக்கே ஊது."

இந்த ஜூலையில் ஆல்-ஸ்டார் அணியை அறிவித்தார்கள். கடைசி ஓர் இடம் மட்டும் ரசிகர்கள் ஓட்டுக்கு. விடுபட்ட யாருக்கும் போடலாம். ஆளுக்கு நாளைக்கு ஒன்று, ஐந்து நாள்.

துவைத்த ஒவ்வொரு சட்டையிலும் சீட்டுக் குத்தினேன்: மேலே உட்சுகி பெயர், கீழே இடம் மிச்சமிருந்ததால் என் பாட்டு. பொதுக் குளியல் கூடத்தில் தொட்டிக்குள் கழுத்தளவு அமர்ந்து பாடியும் காட்டினேன். யாராலும் எழுந்து ஓட முடியவில்லை.

"யோவ் கமேகாய், காலர்ல அழுக்கு அப்படியே இருக்கு, சீட்டு மட்டும் கச்சிதமா குத்தியிருக்க!" என்றார் மீன் கடை ஷிமொதா. "அந்தப் பாட்டு வேற மண்டைய விட்டுப் போக மாட்டேங்குது. மீன் வெட்டுறப்பவும் அதான் வருது."

"ஓட்டுப் போட்டியா?"

"மூணு நாளா போடுறேன்யா. கறை எடுக்கத் துப்பில்ல, ஓட்டுக் கேக்க வந்துட்டான்!"

முடிவு வந்தது. உட்சுகி இரண்டாமிடம். இருபத்துமூன்று ஓட்டில் போய்விட்டது. அதில் ஒன்று என்னுடையது. கடைசி நாள் ஊரையே விரட்டி விரட்டிப் போடவைத்ததில் நான் போட மறந்துபோனேன். அக்காவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் எங்கள் மைதானத்தில் ஆட்டம். ஏழாவது சுற்றில், வேறொருவருக்குப் பதிலாக உட்சுகி மட்டையோடு வந்தார். நான் தொங்கிய முகத்தோடு பொதுப் பாட்டை ஊத ஆரம்பித்தேன்.

பின்னாலிருந்து வேறு பாட்டு கேட்டது. "உட்சுகி, அடி! கடல் வரைக்கும் அடி!" முன்குரல் ஷிமொதா. கூடவே என் வாடிக்கையாளர்கள், அவர்கள் பிள்ளைகள், குளியல் கூடத்தில் மாட்டிக்கொண்டவர்கள், பிறகு கேலரி முழுவதும். நான் ஊதுவதை நிறுத்திவிட்டேன்.

"என்னடா முழிக்கிற?" என்றார் அன்ஸாய் அக்கா. "சுதி இல்லாமக் கத்துறாங்க. ஊதித் தொலை!"

"சட்டம், அக்கா?"

"சட்டம் கெடக்கட்டும். இத்தனை வாய அடைக்க எங்கடையில மருந்தில்ல."

ட்ரம்பெட்டை உதட்டில் வைத்து நானும் சேர்ந்துகொண்டேன்.

உட்சுகி மட்டையைத் தாழ்த்தி எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். நடுவர் முதுகில் தட்டிய பிறகுதான் திரும்பினார். மூன்று பந்து, மூன்று வீச்சு, ஒன்றும் மட்டையில் படவில்லை, அவுட்.

திரும்பிப் போகும்போது தலைக்கவசத்தைக் கழற்றி, எங்களை நோக்கி இடுப்பு வரை குனிந்தார். நிமிர வெகுநேரம் ஆனது.

அவர் குனிந்திருக்கும்போதே, கூட்டம் சுதி பிடித்துச் சரியாகத்தான் பாடி முடித்தது. கடைசி வரியில் சுதி விட்டது ட்ரம்பெட்தான்.