பிடரியில் ஒரு கற்றை

திங்கட்கிழமை மூக்குக்கண்ணாடிக் கடையில் அக்காவுக்கு முதல் நாள். அடையாள அட்டைக்குப் படம் எடுப்பார்கள். பழைய இடத்தில் ஆறு வருஷமும் அவளைச் ‘சுருட்டை’ என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. அந்தப் பட்டத்தைத் தலைமுழுகத்தான் இரண்டு மாதத்துக்கு முன் வீட்டிலேயே நேராக்கும் கிரீம் போட்டுக்கொண்டாள். இப்போது அந்த முடி பொன்னிறமாக வேண்டுமாம்.

ஞாயிறு மத்தியானம் தங்கையைப் பிடித்து உட்கார வைத்தாள். தங்கைக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை.

“ஏற்கெனவே மருந்து பட்ட முடி, அக்கா. அதுமேல ப்ளீச்சா?”

“ஒரு நாளைக்கு நானூறு பெட்ஷீட் வெளுக்கறேன்னு பீத்திக்குவியே. என் தலை ஒண்ணுதான்டி.”

சோதிக்காமல் தொடமாட்டேன் என்றாள் தங்கை. சாயத்துணி வந்தால் வெளியே தெரியாத உள்மடிப்பில்தான் மருந்தை வைத்துப் பார்ப்பார்கள். அதே பழக்கத்தில் பிடரியில் ஒரு கற்றையை நறுக்கி ப்ளீச்சில் முக்கினாள். அரை மணியில் தேன் நிறம். இழுத்துப் பார்த்தாள், அறவில்லை.

“முன்னாடிலேருந்து ஆரம்பி. படத்துல அதான் விழும்” என்றாள் அக்கா.

நெற்றிக்கு மேல் ஒரு பட்டை பூசியாயிற்று. தங்கை பின்முடியை வாரித் தூக்கினாள். ரப்பர் பேண்டில் இழுபட்டு நேராகத் தெரிந்த பிடரி முடி, வேர்வையில் நனைந்து சுருண்டு விரலைச் சுற்றிக்கொண்டது.

“கிரீம் போட்டப்ப பின்னாடி யாரு போட்டா?”

“யாரு போடுவா? நான்தான். கை எட்டல. பின்னாடி யாரு பாக்கப்போறான்னு விட்டுட்டேன்.”

“எந்திரி. எந்திரிக்கா!”

குழாயடியில் அக்காவின் தலையைக் கவிழ்த்தாள். பூசிய பட்டை வெந்த சேமியா மாதிரி நீண்டது. நீண்டு, அப்படியே கையோடு வந்தது. அக்கா கண்ணாடியைப் பார்த்தாள். விரற்கடை நீளத்துக்கு ஒரு குத்து முடி, நட்டமாக நின்றது.

“உன் சோதனையில தீய வைக்க!”

“இடம் தப்பு. உன் தலையில மருந்து படாத முடி பிடரியில மட்டும்தான் இருந்திருக்கு. அதைப் போய்ச் சோதிச்சேன்.”

“மிச்சம்?”

“மிச்சத்துக்கும் இதே கதிதான்.”

அக்கா ப்ளீச் கிண்ணத்தை எடுத்துத் தானே கழுவி ஊற்றினாள்.

மறுநாள் சாயங்காலம் வந்தவள் அட்டையை மேசைமேல் போட்டாள். படத்தில் முகம் நன்றாகவே இருந்தது. நெற்றிக்கு மேல் அந்தக் குத்தும் இருந்தது.

“க்ளிப் போட்டுத்தானே போனே?”

“போட்டோக்காரன் கழட்டச் சொல்லிட்டான்.”

தங்கை தயங்கிக் கேட்டாள். “பேரு வெச்சுட்டாங்களா?”

“பதினோரு மணிக்கே. ‘ப்ரஷ்’.”

தங்கை சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

“சிரி. ஆனா வர்ற ஞாயித்துக்கிழமை நீதான் வெட்டறே. மருந்து பட்டது அத்தனையும்.”

“அப்ப சுருட்டைதான் மிஞ்சும்.”

“தெரியும்டி” என்றாள் அக்கா, க்ளிப்பை மறுபடி குத்திக்கொண்டு.