பின்சீட்டில் ஒரு மூட்டை

மெக்கானிக்குக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் பின்சீட்டில் வில்லங்கம் வந்துவிட்டது. பழைய மோட்டார் சைக்கிளைத் தன் கையாலேயே பிரித்துக் கோத்து, மனைவிக்காகப் பின்னால் புது மெத்தையும் தைத்துப் போட்டிருந்தான். அவளோ குதிரையேற்றம் சொல்லிக்கொடுக்கும் வாத்தியாரம்மா. பின்னால் உட்கார்ந்து பழக்கமே கிடையாது. வளைவு வந்தால் போதும், முழங்காலால் அவனை நெருக்குவாள், சட்டையைப் பிடித்து இழுப்பாள். கழுத்துப் பொத்தான் அவன் தொண்டையைப் பிடிக்கும்.

நேற்று பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டான்.

"பின்னாடி உக்காந்தா மூட்டை மாதிரி சும்மா உக்காரணும். என் மேல நம்பிக்கை இல்லன்னா எதுக்கு ஏறுற?"

"அப்ப நாளையிலேருந்து நான் பஸ்லயே போய்க்கிறேன்."

சொன்னபடியே போய்விட்டாள். காலிச் சீட்டோடு பட்டறைக்குப் போனவனுக்கு வேலையே ஓடவில்லை. இனி அவள் ஏறவே மாட்டாளோ என்று பயம் வந்தது. சாயங்காலம் வீம்பை விட்டுவிட்டு, குதிரைப் பள்ளிக்கே போய் நின்றான்.

அவள் குதிரையை நிறுத்தி, "சமத்து" என்று அதன் கழுத்தில் இரண்டு தட்டு தட்டினாள். பிறகுதான் அவனைப் பார்த்தாள்.

"வண்டில வரேன். அதுக்கு முன்னாடி நீங்க என் பின்னாடி ஒரு சுத்து வாங்க. மூட்டை மாதிரி."

இதென்ன பிரமாதம் என்று ஏறிவிட்டான். மைதானத்தின் முதல் திருப்பம் வரை மூட்டையாகத்தான் இருந்தான். திருப்பத்தில் குதிரை சாய்ந்ததும் வலது காலை அழுத்தினான். குதிகால் விலாவில் பட்டதும் குதிரை ஓட்டம் பிடித்தது. அவன் இன்னும் அழுத்தினான். அது இன்னும் ஓடியது. மானம் மரியாதையெல்லாம் பார்க்காமல் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான்.

அவள் கடிவாளத்தை இழுத்து நிறுத்தினாள். "எதுக்குங்க உதைச்சீங்க?"

"உதைக்கல. பிரேக் போட்டேன்."

அவள் குதிரையின் பிடரியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். அவன்தான் சிரிக்கவில்லை. இத்தனை நாளும் அவள் சட்டையை இழுத்ததன் அர்த்தம் அப்போதுதான் உறைத்தது. நம்பிக்கை இல்லாமல் இல்லை, அவளும் பிரேக் போட்டிருக்கிறாள். தன்னை நினைத்து அவனுக்கே வெட்கமாக இருந்தது.

திரும்பும் வழியில் அதே வளைவு. முழங்கால் நெருக்கியது, சட்டை இழுபட்டது. அவன் மறுபேச்சில்லாமல் வேகத்தைக் குறைத்தான். சட்டை தளர்ந்தது. தோளில் இரண்டு தட்டு விழுந்தது.

"சமத்து."

கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. வீட்டுத் தெருவைத் தாண்டிப் போய், இன்னொரு வளைவு தேடினான்.